வீட்டுக் காணிக்கைப் பெட்டி: டெல்டாவில் எதை வாங்கலாம், எதை விடலாம்

காணிக்கைப் பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பூட்டைப் பார்க்கிறார்கள். அடுத்து மேலே ஒட்டியிருக்கும் வசனத்தைப் பார்க்கிறார்கள். இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும். பெட்டியை எவ்வளவு சுலபமாகக் காலி செய்ய முடிகிறது என்பதுதான் முதல் கேள்வி.

மூடியில் துளை போட்ட காணிக்கைப் பெட்டி வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் தேவைப்பட்டபோது, ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தின் அருகே வைத்தான். பணம் மிகுதியாகச் சேர்ந்ததும் ராஜாவின் ஆளும் பிரதான ஆசாரியனும் வந்து, எண்ணி, பைகளில் கட்டி, வேலை செய்விப்பவர்கள் கையில் கொடுத்தார்கள். தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி போனது; மரமும் கல்லும் வாங்கப்பட்டன. இதே நிகழ்ச்சியை 2 நாளாகமம் 24 சொல்லும்போது, பெட்டியைக் காலி செய்து மறுபடியும் அதன் இடத்தில் வைத்தார்கள், நாளுக்கு நாள் அப்படியே செய்தார்கள் என்று சேர்த்துச் சொல்கிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வீடுகளில் இருக்கும் பெட்டி வகைகளை இந்த அளவுகோலால்தான் இங்கே எடை போடுகிறோம். கூடவே மத்தேயு 6:19 சொல்லும் மூன்று சத்துருக்கள்: பூச்சி, துரு, திருடர். டெல்டாவில் நான்காவதாக ஈரத்தையும் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் ஓர வீட்டுச் சுவர் ஈரம் வாங்கும்போது பெட்டிக்குள் இருக்கும் நோட்டும் வாங்கும். கர்த்தருக்கென்று எடுத்து வைத்த பணம் ஒரு வருஷம் திறக்கப்படாமல் அலமாரியில் கிடந்தால், அதுவும் பூமியில் சேர்த்து வைத்த பொக்கிஷம்தான். பெயர் மட்டும் வேறு.

மண் உண்டியலில் இருந்து தொடங்கலாம். விலை குறைவு, குழந்தைகளுக்குப் பிரியம். அதன் பெரிய நன்மை, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கச் சொல்லும் மத்தேயு 6:3-க்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் சூளையில் வேக்காடு போதவில்லை, அல்லது விரிசல் இருக்கிறது. வேகாத மண் மழைக்காலத்தில் தரையிலிருந்தே ஈரத்தை இழுக்கும். உள்ளே மடித்துப் போட்ட நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மடிப்புக் கோட்டில் கருப்பாகப் பூசணம் பிடிக்கும். அதனால் மண் உண்டியலில் காசு மட்டும் போடுங்கள், நோட்டு வேண்டாம். தரையில் வைக்காமல் பலகையிலோ மாடத்திலோ வையுங்கள்.

அதன் பெரிய குறை, உடைத்தால்தான் திறக்கும் என்பது. உடைக்க மனம் வராமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரைதான் அவகாசம் இருந்தது. அதற்குள் உடைபடாத உண்டியலில் கிடந்த அந்த நோட்டுகள் வெறும் காகிதம். பூச்சி அரிக்கவில்லை, துரு பிடிக்கவில்லை, திருடன் கன்னமிடவில்லை, ஆனாலும் போயிற்று. மண் உண்டியல் வாங்கினால் உடைக்கும் நாளை வாங்கிய அன்றே அடியில் கரியால் எழுதிவிடுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் என்றோ, கிறிஸ்துமஸ் என்றோ ஒரு நாள் இருக்கட்டும். சின்ன உண்டியலாக வாங்கினால் இன்னும் நல்லது. சீக்கிரம் நிறையும், சீக்கிரம் உடையும்.

தகர டப்பாவைக் கடலோரத்தில் வாங்காதீர்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் பகுதி உப்புக்காற்றுக்கு அது தாங்காது. துரு எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால் காரணம் புரியும்: காசு போடும் துவாரத்தின் ஓரத்தில். தகரத்தின் மேல் இருக்கும் பூச்சு, துவாரம் வெட்டும்போது அந்த விளிம்பில் அறுந்துபோகிறது; உள்ளிருக்கும் இரும்பு வெளியே தெரிகிறது. போதாததற்கு காசு உரசி உரசி மிச்சப் பூச்சும் போகிறது. ஏற்கனவே டப்பா இருந்தால் விளிம்பை உள்பக்கமாக மடக்கித் தட்டி, துருத்தடுப்பு பெயின்ட் அடித்து வைக்கலாம். மடக்காத விளிம்பு குழந்தைகளின் விரலையும் கிழிக்கும். இன்னொன்று: நோட்டில் குண்டூசி குத்தியிருந்தால் அதை எடுத்துவிட்டுப் போடுங்கள். நோட்டில் துருக்கறை வருவது பெரும்பாலும் டப்பாவால் அல்ல, அந்த ஊசியால்தான். ரப்பர் பேண்டும் வேண்டாம். நம் வெயிலுக்கு உருகி நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். நூல் போதும்.

பிளாஸ்டிக் உண்டியல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஈரம் புகாது, துருப்பிடிக்காது, அடியில் திருகு மூடி இருப்பதால் காலி செய்வது எளிது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் வகையை மட்டும் தவிர்க்கவும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி ஒரு காணிக்கைப் பெட்டி இருக்கக் கூடாது.

ஒரு வீட்டுக்கு ஒரே பெட்டி என்றால் மரப்பெட்டியைத்தான் வாங்கச் சொல்வோம். உள்ளளவு 15 செ.மீ. நீளம், 10 அகலம், 10 உயரம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இதைவிடப் பெரிது வேண்டாம். பெரிய பெட்டி நிறையும் வரை காத்திருக்கச் சொல்லும். லூக்கா 12-இல் நிலம் நன்றாக விளைந்ததும் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவனின் கதை டெல்டாவில் விளக்கம் தேவைப்படாத கதை. நெல்லைச் சேர்த்ததற்காக அவனை மதிகேடன் என்று தேவன் சொல்லவில்லை. அவன் பேச்சு முழுக்க ‘என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா’ என்றே போகிறது. அடுத்த வீட்டுக்காரன் ஒரு இடத்திலும் வரவில்லை. பெட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த இருபதாம் வசனம் நினைவில் இருக்கட்டும்.

வேம்பு நல்லது, கரையான் எளிதில் தொடாது. தேக்கு கிடைத்தால் கேள்வியே இல்லை. ஒட்டுப்பலகையில் செய்தது ஒரு மழைக்காலம் தாண்டினால் ஓரம் பிரியும். ஆணியும் கீலும் பித்தளையாக இருக்கட்டும். இரும்பு ஆணி மரத்துக்குள்ளேயே துருப்பிடித்து உப்பி மரத்தைப் பிளக்கும். பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவி நாலு முறை திருப்பினால் போதும்.

கடைப் பெட்டிகள் பல தவறுவது துவாரத்தில். 10 ரூபாய் காசின் விட்டம் 27 மி.மீ. அதைவிடச் சின்ன துவாரம் உள்ள பெட்டிகள் விற்பனையில் இருக்கின்றன. ஒரு ரூபாய் காசை மட்டும் மனதில் வைத்துச் செய்தவை. 50, 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் அகலம் 66 மி.மீ.; நீளவாக்கில் ஒரு முறை மடித்தால் 33. ஆகவே துவாரம் 38 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம் இருந்தால் எல்லாக் காசும், ஒரு மடிப்பு நோட்டும் நுழையும். அதிகம் மடித்துத் திணிக்கும் நோட்டுதான் மடிப்பில் கிழிகிறது. துவாரத்துக்குக் கீழே உள்பக்கம் சாய்வாக ஒரு சின்னப் பட்டை அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பெட்டியைக் கவிழ்த்துக் கொண்டை ஊசியால் காசை வெளியே இழுத்துவிடலாம். தச்சரிடம் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை.

எடையையும் கணக்கில் வைக்க வேண்டும். 10 ரூபாய் காசு ஒன்று 7.71 கிராம். நூறு காசு, அதாவது ஆயிரம் ரூபாய், முக்கால் கிலோவுக்கு மேல். அடிப்பலகையை ஆணியால் மட்டும் அடித்த பெட்டி இந்த எடையில் தூக்கும்போது கழன்று வரும். அடிப்பலகை பள்ளத்தில் செருகியதாக இருக்க வேண்டும்.

இனி பிடியரிசி. பணப்பெட்டியைவிட இதில் நமக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் பணம் கையில் இல்லாத வீட்டுக்கும் அரிசிப் பானை இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே போடும் வழக்கம் பல சபைகளில் இன்றும் நடக்கிறது. கணக்கு இப்படி: ஒரு பிடி சுமார் 40 கிராம். நாளைக்கு இரண்டு வேளை என்றால் 80 கிராம், முப்பது நாளில் 2 கிலோ 400 கிராம். 25 வீடு சேர்ந்தால் மாதம் 60 கிலோ. யாருக்கும் பாரமாகத் தெரியாத ஒரு பிடி, நாலைந்து ஏழைக் குடும்பங்களின் ஒரு மாதச் சோறாகிறது. ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான் என்று நீதிமொழிகள் 19:17 சொல்வது இந்த அரிசியைப் பற்றியும்தான்.

பாத்திரம் எவர்சில்வர் சம்படம், இறுக மூடும் மூடியோடு, 4 லிட்டர் அளவு. 2.4 கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் இடம் வேண்டும். பனையோலைப் பெட்டி அழகாக இருக்கும், காற்றோட்டமும் உண்டு. ஆனால் வண்டு, எறும்பு, எலி மூன்றுக்கும் கதவு திறந்த மாதிரி. அரிசி வண்டு முட்டையிலிருந்து வண்டாக வர நம் சூட்டில் ஏறத்தாழ நான்கைந்து வாரம் ஆகும். அதனால் மாதம் ஒருமுறை கண்டிப்பாகக் காலி செய்ய வேண்டும். இரண்டு மாதம் விட்டால் அடுத்த தலைமுறை வண்டும் கிளம்பிவிடும். காலி செய்தபின் சம்படத்தைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே முதல் பிடியைப் போட வேண்டும். பழைய அரிசித் தூசியில்தான் முட்டை மிஞ்சுகிறது. ஒரு துண்டு வசம்போ, நான்கைந்து காய்ந்த மிளகாயோ போடலாம். வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்தது. பச்சை இலை தன் ஈரத்தை அரிசிக்குக் கொடுத்துக் கட்டி பிடிக்க வைக்கும். உலை வைக்கும் ஈரக்கையால் பிடி எடுப்பது இன்னொரு தவறு. வண்டு வந்துவிட்டால் நிழலில் பரப்பிப் புடையுங்கள். கடும் வெயிலில் காயவைத்தால் அரிசி விரிசல் விட்டுக் குருணையாகும்.

சபையில் சேர்க்கும்போது நடக்கும் தவறு இதைவிடப் பெரிது. எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டிவிடுகிறார்கள். பச்சரிசி சீக்கிரம் குழையும், புழுங்கல் அதற்குள் வேகாது, ரேஷன் அரிசிக்குத் தண்ணீர் அளவே வேறு. அந்தக் கலவையைச் சோறாக்கப் போகிறவர் பட்டினியில் இருக்கிறவர் என்பதற்காக அவர் எதையும் தின்ன வேண்டும் என்று இல்லை. குறைந்தது இரண்டு சாக்கு வையுங்கள்: புழுங்கல் ஒன்று, பச்சரிசி ஒன்று. வீட்டிலும் தனக்குப் பொன்னி, சம்படத்துக்கு வண்டரிசி என்று பிரிக்காதீர்கள். ஊனமான மிருகத்தைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம், அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார் என்று மல்கியா 1:8 கேட்கிறது.

பெட்டியின் மேல் ஒட்டும் வசனம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நூறத்தனையாகப் பெறுவாய்’ என்று பொன்னெழுத்தில் அடித்த பெட்டிகளை வாங்காதீர்கள். மாற்கு 10:30-இல் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘துன்பங்களோடேகூட’ என்று இருக்கிறது. ஸ்டிக்கரில் அது இருக்காது. அந்த வாக்குத்தத்தம் இயேசுவினிமித்தமும் சுவிசேஷத்தினிமித்தமும் வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்களுக்குச் சொன்னது. நூறு ரூபாய் போட்டால் பத்தாயிரம் வரும் என்று குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே கடனில் தவிக்கும் விவசாயியிடம் சொல்வது, அவன் கண்ணீரில் வியாபாரம் செய்வது. பரலோகத்தில் சேர்க்கும் பொக்கிஷத்தை இங்கேயே வட்டியோடு திருப்பிக் கேட்டால் அது மறுபடியும் பூமியின் பொக்கிஷமாகிவிடும். வசனம் ஒட்டத்தான் வேண்டுமென்றால் 2 கொரிந்தியர் 9:7 போதும்: ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்.’

ஏழை விதவையின் இரண்டு காசும் அப்படித்தான் தவறாகப் பயன்படுகிறது. எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா நூல் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒரு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் இயேசு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டதை அவர் கண்டு சொன்னது மாற்கு 12:44. அதற்கு நாலு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகர் அதிக ஆக்கினை அடைவார்கள் என்கிறார். கடைசிக் காசையும் போடச் சொல்லி எந்த விதவையையும் நெருக்குகிறவர் 44-ஐப் படிக்குமுன் 40-ஐப் படிக்க வேண்டும்.

பெட்டியில் எது விழக் கூடாது என்பதும் இதில் சேர்ந்தது. வட்டிக்கு வாங்கிய பணம் வேண்டாம். பண்டிகைக்குப் பெயர் வாசிப்பார்களே என்று கடன் வாங்கிப் போடுகிறவர்களுக்கு 2 கொரிந்தியர் 8:12 நேரான பதில்: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். பெற்றோரின் மருந்துச் செலவை நிறுத்திப் போட்ட பணமும் வேண்டாம். கொர்பான், அதாவது தேவனுக்கென்று கொடுத்த காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை மாற்கு 7 கண்டிக்கிறது. ஆள்காரருக்கு நடவுக் கூலி பாக்கி வைத்துவிட்டுப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. அதற்கு முந்தின வசனத்தில்தான் பொன்னும் வெள்ளியும் துருப்பிடிக்கின்றன.

எப்போது போடுவது? வாரத்தின் முதல் நாள்தோறும், வரவுக்குத் தக்கதாக என்று 1 கொரிந்தியர் 16:2 தெளிவாகச் சொல்கிறது. வாரக்கூலி வாங்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை கையில் பணம் வரும், ஞாயிறு காலை எடுத்து வைப்பது இயல்பாக அமையும். விவசாயிக்கு அப்படி இல்லை. வரவு குறுவை அறுப்புக்குப் பின் ஒருமுறை, சம்பா, தாளடி அறுப்புக்குப் பின் ஒருமுறை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டாலும் பணம் கையில் வராமல் வங்கிக் கணக்கில்தான் ஏறும். அவர்கள் கணக்கில் பணம் ஏறிய வாரத்திலேயே பெருந்தொகையை எடுத்து வைத்துவிட்டு, மற்ற வாரங்களில் பிடியரிசியோடு நிறுத்திக்கொள்ளலாம். தள்ளிப்போட்டால் உரக்கடைப் பாக்கி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

செல்போனில் கியூஆர் காட்டிச் செலுத்தும் முறை இப்போது பல சபைகளில் வந்துவிட்டது. காசு சுமக்க வேண்டாம், ஈரம், துரு, திருடர் பயம் இல்லை, கணக்கும் சுத்தம். ஆனால் பெயரும் தொகையும் கணக்கு பார்ப்பவர் கண்ணில் படும். வீட்டில் குழந்தை பார்த்துப் பழக எதுவும் மிஞ்சுவதில்லை. பெருந்தொகைக்கு அது, வாராந்தரக் காணிக்கைக்குப் பெட்டி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பெட்டியை முன்திண்ணையிலோ விருந்தினர் உட்காரும் கூடத்திலோ வைக்காதீர்கள். அரிசிச் சம்படம் அடுப்படியில், பணப்பெட்டி குடும்ப ஜெபம் நடக்கும் இடத்தில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்தக் கரையில் இருக்கிறவர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒருமுறை காலி செய்துவிடுவது உத்தமம். எதிர்பாராமல் நோட்டு நனைந்தால் ஈரத்தோடு பிரிக்காதீர்கள். கட்டாகவே நிழலில் வைத்து, பாதி காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுங்கள். கிழிந்ததை வங்கியில் மாற்றலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. 20 ரூபாய் வரை உள்ள நோட்டுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழு மதிப்பு. 10 ரூபாய் காசைச் சில கடைகளில் வாங்க மறுப்பார்கள், ஆனால் அது செல்லும். வங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். சில்லறையை நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

திறந்து எண்ணும்போது வீட்டில் இரண்டு பேர் உட்காருங்கள். யோய்தாவின் பெட்டியை ஒருவர் மட்டும் எண்ணவில்லை. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பவுலும் தன்னோடு மற்றச் சகோதரரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று 2 கொரிந்தியர் 8:20-இல் காரணமும் சொல்கிறான். பணப்பை யூதாஸ் ஒருவன் கையில் இருந்ததன் பலன், அவன் அதிலிருந்து திருடியது, யோவான் 12:6-இல் இருக்கிறது. எண்ணிய தொகையை ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த ஞாயிறு தாண்டாமல் சபைக் கணக்கரிடமோ, தேவையில் இருக்கும் வீட்டிலோ சேர்த்துவிடுங்கள். சபைக்குக் கொடுத்தால் ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஏழை வீட்டுக்குக் கொடுத்தால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.